இல்லத்திற்கும் பள்ளிக்கும் இடைப்பட்ட வழி

கல்வி என்றவுடன் நம் நினைவிற்கு வருவன மூன்று: பள்ளிக்கூடம், ஆசிரியர், நூல். அரசினர் ஒதுக்கும் பணமும், அறிஞர் நடத்தும் ஆராய்ச்சியும், பெற்றோர் கூறும் குறைகளும் பெரும்பாலும் இம்மூன்றனையே சுற்றி வருகின்றன. இவற்றோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்க நான்காவது ஒன்று உளது. அது பிள்ளையின் வீட்டு வாயிலுக்கும் பள்ளி வாயிலுக்கும் இடைப்பட்ட வழி. அவ்வழியைக் கடக்க இயலாத பிள்ளைக்கு ஏனைய மூன்றும் இருந்தும் இல்லாதனவே. ஆயினும் அவ்வழி கல்வித்துறையின் பொறுப்போ, போக்குவரத்துத் துறையின் பொறுப்போ, ஊர்ச் சபையின் பொறுப்போ, பெற்றோரின் பொறுப்போ என்னும் வினாவை நாம் தெளிவாக எழுப்பியதில்லை. பலர்க்குரிய பொறுப்பு ஒருவர்க்கும் உரியதாகாமற் போவது உலகியல்பு.

இவ்வினாவுக்குப் பிற நாட்டார் கண்ட விடை யாது, நம் நாட்டு நிலை யாது, மன்னார்த் தீவின் தாழ்வுபாடு போன்றதோர் ஊரிலே இதனை ஒழுங்கு செய்யும் வழி யாது என்பவற்றை இக்கட்டுரையில் முறையே நோக்குவாம்.

தூரத்தை வெல்லும் மூன்று வழிகள்

பிள்ளைக்கும் பள்ளிக்கும் இடையேயுள்ள தூரத்தை வெல்லுதற்கு உலகில் மூன்று வழிகளே கையாளப்பட்டுள்ளன. பள்ளியைப் பிள்ளையின் அருகிற் கொண்டு செல்லுதல் முதலாவது. பிள்ளையைப் பள்ளியின் அருகிலே தங்கவைத்தல் இரண்டாவது. நாள்தோறும் பிள்ளையை வண்டியில் ஏற்றிச் சென்று மீட்டுக் கொணர்தல் மூன்றாவது.

ஈழத்துத் தமிழர் வரலாற்றில் முதலாவது வழியே நெடுங்காலம் பெருவழியாக இருந்தது. திண்ணைப் பள்ளிகள் ஊர்தோறும் இருந்தன. மிசன் பாடசாலைகளும் ஊர்களை நாடியே எழுந்தன. ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும், 1923ஆம் ஆண்டில் எழுந்த சைவ வித்தியா விருத்திச் சங்கம் சிற்றூர்கள் பலவற்றிலே பாடசாலைகளை நிறுவியதும் சைவப் பிள்ளைகள் தம் ஊரிலேயே தம் நெறியிற் கற்கவேண்டும் என்னும் நோக்கத்தால் ஆகும். அக்காலத்தில் தூரம் என்பது வெறும் நில அளவாக மட்டும் இருந்ததில்லை. முன்னரே உள்ள பாடசாலையொன்றிற்குக் கால் மைலுக்குள் எழும் புதிய பாடசாலைக்கு உதவிப்பணம் கிடையாது என 1890களில் ஆங்கில அரசினர் வகுத்த விதி, பிந்தி எழுந்த சைவ, பௌத்த பாடசாலைகளுக்குப் பெருந்தடையாயிற்று. ஓர் அளவுகோலை எங்கே வைப்பது என்னும் சிறு முடிவு, ஒரு சமூகத்தின் கல்வி வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் வல்லது என்பதை நம் முன்னோர் அன்றே கண்டனர்.

இரண்டாவது வழி விடுதி. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த 1940களில் எழுந்த மத்திய மகாவித்தியாலயங்கள், ஐந்தாந் தரப் பரீட்சையிலே தேறிய சிற்றூர்ப் பிள்ளைகளை உதவிப்பணம் அளித்து விடுதிகளிற் சேர்த்துக் கற்பித்தன. 1945 ஒக்டோபர் முதலாந் தேதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது கட்டணம் என்னும் தடை நீங்கிற்று. தூரம் என்னும் தடைக்கு விடுதியே மருந்தெனக் கருதப்பட்டது. ஆயின் விடுதி தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர்க்கே உரியது. எல்லாப் பிள்ளைகளையும் வீட்டிலிருந்து பிரித்தல் இயலாது, இயலினும் வேண்டற்பாலதன்று.

ஆகவே மேல் வகுப்புக்கள் விரிய விரிய மூன்றாவது வழியாகிய வண்டியே எஞ்சி நிற்கின்றது. சிற்றூர்தோறும் ஆய்வுகூடமும் அறிவியல் ஆசிரியரும் அமைத்தல் எந்நாட்டிற்கும் அரிது. நம் நாட்டுப் பாடசாலைகள் வகை பிரிக்கப்பட்டிருக்கும் முறையே இதனை உணர்த்தும். உயர்தர வகுப்பில் அறிவியற் பிரிவு உள்ளவை 1ஏபி வகையின; கலை, வணிகப் பிரிவுகள் மட்டும் உள்ளவை 1சி வகையின; பதினோராந் தரத்தோடு முடிபவை இரண்டாம் வகையின; தொடக்க வகுப்புக்களைக் கொண்டவை மூன்றாம் வகையின. ஒரு பிள்ளை ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு ஏறும்போதெல்லாம் அதன் வழியும் நீள்கின்றது. படிக்கும் ஆண்டு கூடக் கூட நடக்கும் தூரமும் கூடுகின்றது என்பதே இதன் பொருள்.

கட்டாயம் வந்தவிடத்துக் கடனும் வந்தது

பிள்ளைகளை அரசின் செலவில் ஏற்றிச் செல்லும் வழக்கத்தைச் சட்டத்தால் முதலில் ஏற்றுக்கொண்டது அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலம். 1869ஆம் ஆண்டிலே பொதுப்பணத்தை இதற்குச் செலவிடலாம் என அது விதித்தது. சிறு பள்ளிகளை மூடி நடுவிலே ஒரு பெரும் பள்ளியை அமைக்க விரும்பிய ஊர்கள், அவ்வாறு மூடுவதற்கு ஈடாக வண்டியை அளித்தன. பள்ளியைத் தூரமாக்கியவர் வண்டியைத் தருதல் வேண்டும் என்னும் நேர்மை அதிலே அமைந்திருந்தது.

இங்கிலாந்தில் இது வேறொரு வழியாக வளர்ந்தது. அந்நாட்டு 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பள்ளிக்கு அனுப்பச் செய்யும் அதிகாரத்தை ஊர்ப் பள்ளிக் குழுக்களுக்கு வழங்கிற்று. குழு குறிக்கும் தூரத்துக்குள் பள்ளி இல்லையெனின் பெற்றோர் அதனை நியாயமான காரணமாகக் காட்டலாம். அத்தூரம் மூன்று மைலுக்கு மேற்படலாகாது. இது பெற்றோரைத் தண்டனையிலிருந்து காத்தது. ஆனாற் பிள்ளைக்குக் கல்வியைத் தரவில்லை. தூரத்துப் பிள்ளை சட்டப்படி வீட்டில் இருக்க விடப்பட்டது, அவ்வளவே.

1944ஆம் ஆண்டுச் சட்டம் இக்குறையை நீக்க முற்பட்டது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இரண்டு மைலும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு மூன்று மைலும் நடக்கும் தூரம் என அது வரையறுத்தது. இவை முறையே ஏறக்குறைய 3.2, 4.8 கிலோமீற்றர். பள்ளி அத்தூரத்துக்கு அப்பாற்பட்டதாயின், கல்வி மன்றத்தார் தகுந்த வண்டியையோ, விடுதியையோ, அண்மையிலுள்ள வேறு பள்ளியில் இடத்தையோ ஒழுங்கு செய்யாதவிடத்துப் பெற்றோர்மீது குற்றமில்லை என்றது. நாம் மேலே கூறிய மூன்று வழிகளும் ஒரே பிரிவில் ஒருங்கு அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. இதனால் மன்றத்தாரின் நிலை மாறிற்று. வண்டி தராவிடின் பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் உரிமையை அவர் இழப்பர். ஆகவே வண்டி தருதல் அவர்தம் கடனாயிற்று. கட்டாயம் என்பது ஒருபக்கக் கயிறாக இராமல் இருபக்கமும் கட்டும் கயிறாயிற்று.

இக்கடன் இன்று அந்நாட்டின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில், 2006ஆம் ஆண்டில் திருத்தப்பட்டவாறு, விரிவாக அமைந்துள்ளது. உள்ளூர் மன்றம் நால்வகைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி வண்டி ஒழுங்கு செய்தல் வேண்டும். நடக்கும் தூரத்துக்கு அப்பால் வாழ்வோர் ஒரு வகையினர். தூரம் குறைவாயினும் வழி பாதுகாப்பற்றதாக உடையோர் மற்றொரு வகையினர். உடற்குறை அல்லது சிறப்புத் தேவை காரணமாக நடக்க இயலாதோர் மூன்றாம் வகையினர். வறிய குடும்பத்தினர் நான்காம் வகையினர்; இவர்க்குத் தூர அளவு தளர்த்தப்பட்டுள்ளது.

வண்டி என்பது எப்போதும் பெரிய பஸ் வண்டியாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. பொதுப் பஸ்ஸிற் செல்ல இலவசச் சீட்டு வழங்கலாம். ஒப்பந்தத்தில் தனி வண்டி அமர்த்தலாம். பிள்ளைகள் சிலரேயாயின் வாடகைக் காரை அனுப்பலாம். பெற்றோர் உடன்படின் அவர்தம் வாகனச் செலவை அளிக்கலாம். மன்றம் மறுப்பின் பெற்றோர் இரு படிகளில் முறையிடலாம். முதலில் மூத்த அலுவலர் ஒருவர் மறுபரிசீலனை செய்வார். பின்னர் அம்முடிவிற் சார்பற்ற குழுவொன்று பெற்றோரின் வாதத்தைக் கேட்கும். கேட்கும் உரிமையும், மறுப்பின் முறையிடும் உரிமையும் பெற்றோர்க்கு இருத்தலே இவ்வேற்பாட்டின் உயிர்நிலை.

அளவுகோலின் குறை

இவ்வாறு கூறுவதால் இங்கிலாந்தின் முறை குறையற்றது என்று கொள்ளலாகாது. தூரம் அண்மைக்காலத்தில் நன்கு அளக்கப்படுகின்றது, அச்சம் அளக்கப்படுவதில்லை. எசெக்ஸ் மாவட்ட மன்றத்தார் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில், மூன்று மைலுக்குச் சற்றுக் குறைந்த வழியிலே ஒரு பகுதி ஆளரவமற்ற தனிப் பாதையாக இருந்தது. பெற்றோர் அதனைத் தம் மகள் தனியே செல்லத்தகாத வழி என்றனர். பிரபுக்கள் சபை 1986ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்தபோது, துணையொருவருடன் நியாயமான பாதுகாப்போடு செல்லக்கூடிய வழி சட்டத்தின்படி உள்ள வழியே என்றது. அதாவது, பிள்ளையோடு செல்ல ஒருவர் உளர் எனச் சட்டம் எண்ணிக்கொண்டது. இந்த எண்ணம் எல்லாக் குடும்பங்களுக்கும் பொருந்துமோ என்பதைத் தாழ்வுபாட்டுக்கு வரும்போது காண்பாம்.

நம் நாட்டு நிலை

இலங்கையில் கட்டாயக் கல்விக்கான அடிப்படை 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம். அதன் கீழ் 1997ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் ஐந்து முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புதல் பெற்றோர் கடன் என்றன. 2016ஆம் ஆண்டில் அவ்வயது பதினாறாக உயர்த்தப்பட்டது. இது போற்றத்தக்க ஏற்பாடே. ஆயினும் தூரத்துப் பிள்ளைக்கு வண்டி தருதல் இன்ன மன்றத்தின் கடன் என்று ஆங்கிலச் சட்டம் சுட்டியதுபோல, நம் நாட்டில் எந்தவோர் உள்ளூர்ச் சபைமீதும் அப்பொறுப்பு வைக்கப்பட்டிலது. இங்கே சலுகை உண்டு; சேவையும் உண்டு. உரிமையாகக் கேட்டுப் பெறும் ஏற்பாடு இல்லை.

நம் நாட்டிற் "சபை" என்றால் பஸ் வண்டிதான் மக்கள் நினைவுக்கு வரும். 1958 சனவரி முதலாந் தேதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. இலாபமற்ற சிற்றூர் வழிகளிலும் வண்டி ஓடவேண்டும் என்னும் கொள்கை அதனோடு வந்தது. பாடசாலை மாணவர் குறைந்த கட்டணத்திற் பெறும் பருவச்சீட்டும், மக்கள் வழக்கிற் "சீசன்", சபை பஸ்ஸின் பெரும்பயனாகத் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. 1978இல் அச்சபை பிராந்தியச் சபைகளாகப் பிரிக்கப்பட்டது. 1979 முதல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. 1990களிற் சாலைகள் கம்பனிகளாக மாற்றப்பட்டன. 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் மறுபடியும் ஒரே சபை அமைந்தது. இத்தனை மாற்றங்களிலும் பாதிக்கப்பட்டவர் குறைந்த கட்டணத்தில் ஏறும் மாணவரே. முழுக் கட்டணம் தரும் பயணியை விட்டுப் பருவச்சீட்டுப் பிள்ளையை ஏற்றத் தனியார் வண்டிக்கு என்ன தூண்டுதல் உளது? தரிப்பிடத்திற் பிள்ளைகள் கூட்டமாக நிற்பதைக் கண்ட வண்டி நில்லாது செல்லும் காட்சியை அறியாதார் நம்முட் சிலரே.

இக்குறையை உணர்ந்து தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு 2005ஆம் ஆண்டிலே "சிசு சரிய" என்னும் மாணவர் பஸ் சேவையைத் தொடங்கிற்று. சீருடையணிந்த மாணவரைக் குறைந்த கட்டணத்தில் ஏற்றிச் செல்லும் இச்சேவையில், வண்டிக்காரர்க்கு ஏற்படும் குறையை அரசே பணம் கொடுத்து ஈடு செய்கின்றது. இது மிக நல்ல கருத்து. பிள்ளையின் சலுகைக்குரிய செலவைச் சாரதியும் நடத்துநரும் சுமக்காது சமுதாயமே சுமத்தல் வேண்டும் என்பதே இதன் உட்பொருள். ஆயினும் எவ்வழிக்கு இச்சேவை வருதல் வேண்டும் என்பது கோரிக்கையையும் எண்ணிக்கையையும் பொறுத்தது. கேட்கத் தெரிந்த ஊர் பெறும்; கேட்கத் தெரியாத ஊர் காத்திருக்கும்.

தாழ்வுபாடும் அதன் வழியும்

மன்னார்த் தீவின் தென்கரையில், மன்னார் நகருக்கு மேற்கே சில கிலோமீற்றர் தொலைவிலே கடலை ஒட்டி அமைந்த மீனவர் ஊர் தாழ்வுபாடு. கரைவலை இழுக்கும் கரைப்பகுதியை மீனவர் "பாடு" என வழங்குவர். ஊரின் பெயரே அத்தொழிலை நினைவூட்டுகின்றது. வெண்மணலும் பனையும் உடைமுட்செடியும் நிறைந்த சமநிலம் அது. நடப்பவர்க்கு மலையேற்றம் இல்லை, நிழலும் இல்லை. சோளகம் வீசும் மாதங்களில் மணல் கண்ணில் அடிக்கும்; மாரியில் மழைநீர் தாழ்ந்த இடங்களிலே தேங்கும். தெருவிலே கட்டாக்காலிக் கழுதைகள் கூட்டமாக நிற்பதும் மன்னார் வழிகளுக்கே உரிய இயல்பு. தனியாகச் செல்லும் சிறுபிள்ளை அஞ்சி ஒதுங்க இவை போதுமானவை.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வாம். சிற்றூர்ப் பிள்ளையொன்று மேல் வகுப்பிற்காக நகர்ப் பாடசாலைக்கு ஒருவழியாக ஐந்து கிலோமீற்றர் செல்கின்றது என்று வைப்போம். மணிக்கு நான்கு கிலோமீற்றர் நடை என்றால் வழி ஒன்றேகால் மணி நேரத்தை உண்ணும். பாடசாலை காலை 7.30க்குத் தொடங்குதலின், பிள்ளை 6 மணிக்குச் சற்றுப் பிந்தியேனும் வீட்டை விடவேண்டும். மார்கழி, தை மாதங்களில் அவ்வேளையிற் கதிரவன் தோன்றியிருப்பதில்லை. நாளொன்றுக்குப் பத்து கிலோமீற்றராக, ஏறக்குறைய இருநூறு பாடசாலை நாள்களுக்கு ஆண்டிலே இரண்டாயிரம் கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையுள்ள இலங்கையின் முழு நீளம் ஏறக்குறைய 435 கிலோமீற்றர். நம் நாட்டின் நீளத்தை நான்கு மடங்குக்கு மேலாக ஆண்டுதோறும் நடந்து கற்குமாறு ஒரு பிள்ளையைக் கேட்டல் தகுமா?

இனி, ஆங்கிலத் தீர்ப்பு எண்ணிக்கொண்ட துணைவரைத் தேடுவாம். கடலுக்கு இரவிற் செல்லும் தகப்பன் விடியலிலே கரை சேர்கின்றான். பிள்ளை புறப்படும் வேளை, மீன் இறக்கி விற்கும் வேளை. வலை பழுது பார்த்தலும் மீன் காயவிடலும் வீட்டிலுள்ளார் அனைவரையும் அழைக்கும். ஆசிரியனாகவோ எழுதுவினைஞனாகவோ உள்ளவன் தன் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிச் செல்லலாம். அவன் போகும் வழியும் பிள்ளை போகும் வழியும் ஒன்று. மீனவனின் வழி கடலை நோக்கியது. பிள்ளையின் வழி நகரை நோக்கியது. தொழிலின் திசையும் கல்வியின் திசையும் எதிரெதிரான இடத்திலே, துணைக்கு ஆள் உண்டு எனக் கொள்ளும் சட்டம் பொருந்தாது. அவ்விடத்துக்கு வேண்டுவது வண்டியே.

மேலும் பெண் பிள்ளைகளின் நிலை தனியே நோக்கத்தக்கது. பஸ் வராத நாளில் ஆண் பிள்ளை எவ்வாறேனும் சென்று சேர்வான். பெண் பிள்ளை வீட்டிலே நிறுத்தப்படுவாள். இந்நிலையைத் தூரத்துச் சான்றொன்று உறுதி செய்கின்றது. இந்தியாவின் பீகார் மாநிலம் 2006ஆம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் அளித்தது. கார்த்திக் முரளிதரனும் நிசித் பிரகாசும் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு, இதனால் பெண் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியிற் சேர்வது 32 சதவீதம் உயர்ந்தது எனக் கண்டது. பள்ளிக்கு மூன்று கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஊர்களிலேயே அப்பயன் பெரிதாயிற்று. பெற்றோரின் அறியாமையே பெண் கல்விக்குத் தடை என்று எளிதிற் கூறுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. வழி திறந்தவிடத்துப் பெற்றோர் மனமும் திறந்தது.

மன்னாரார்க்கு வழியின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1914இல் வந்த தலைமன்னார்ப் புகையிரதம் 1990இற் போரினால் நின்று, 2015இலேதான் மறுபடியும் தீவின் முனையைத் தொட்டது. பெருநிலத்தோடு தீவை இணைத்த பாலமும் 1990இலே தகர்ந்தது. புதிய பாலம் 2010இலே திறக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் பள்ளிக்காலம் முழுவதையும் விழுங்கப் போதுமானவை. 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தில் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டபோதும் இதே பாடத்தை நாடு முழுவதும் கற்றது. ஆசிரியரும் நூலும் கட்டடமும் இருந்தன. வண்டி இல்லாமையாற் கல்வி நின்றது.

ஒழுங்கு செய்யும் முறை

இனி, ஊரொன்றுக்குப் பாடசாலை வண்டியை ஒழுங்கு செய்தல் எங்ஙனம் என்பதைப் படிப்படியாகக் கூறுவாம்.

முதற்படி எண்ணுதல். "எங்கள் ஊருக்குப் பஸ் வேண்டும்" என்னும் விண்ணப்பம் அலுவலகத்திலே கோப்பொன்றாகி உறங்கும். "இன்ன தரிப்பிடத்தில் இத்தனை பிள்ளைகள், இன்ன தரத்தினர், இன்ன பாடசாலைக்கு, இத்தனை மணிக்குள் சேரவேண்டியவர்" என்னும் பட்டியல் உறங்காது. கிராம அலுவலரிடமுள்ள விவரமும் பாடசாலை வரவு இடாப்பும் இதற்குப் போதிய ஆதாரங்கள். பாடசாலையை விட்டு நின்ற பிள்ளைகளையும் அப்பட்டியலிற் சேர்த்தல் இன்றியமையாதது. வண்டியின்மையால் நின்றவரை எண்ணாமல், இன்று வருவோரை மட்டும் எண்ணின், தேவை சிறிதெனத் தோன்றும்.

இரண்டாம் படி பல பாடசாலைகள் ஒன்றுபடுதல். மன்னார் நகரிலே கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள் ஆகியோர் நிறுவி வளர்த்த பாடசாலைகள் அருகருகே உள்ளன. ஒவ்வொன்றும் தன் பிள்ளைகளைத் தனித்தனியே எண்ணினால் ஒன்றிற்கும் ஒரு வண்டி நிறையாது. எல்லாரையும் கூட்டி எண்ணினால் நிறையும். வழியிலுள்ள அயலூர்ப் பிள்ளைகளும் சேர்வர். வண்டிக்குச் சமயமில்லை, இருக்கைக்கும் இல்லை. இந்துக் கல்லூரி மாணவனும் சவேரியார் கல்லூரி மாணவனும் ஒரே இருக்கையில் அமர்ந்து செல்லுதல் போக்குவரத்துச் சிக்கனம் மாத்திரமன்று, சிறந்ததொரு கல்வியும் ஆகும்.

மூன்றாம் படி நேரம். 7.40க்கு வந்து சேரும் பஸ், பாடசாலை பஸ் ஆகாது. மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னதாக வந்து சேர்தலே பயன். பாடசாலை விடும் வேளைக்கேற்ற திரும்பு வண்டியும், பிற்பகல் வகுப்புக்களும் விளையாட்டுப் பயிற்சியும் உள்ள நாள்களுக்குப் பிந்திய வண்டியொன்றும் நேர அட்டவணையில் இடம் பெறுதல் வேண்டும். திரும்ப வழியில்லாத பிள்ளை மாலைநேரப் பயிற்சி எதிலும் சேராது. மைதானத்திலும் மேடையிலும் தூரத்துப் பிள்ளைகளை நாம் காணாமைக்கு இதுவே காரணம்.

நான்காம் படி உரிய வாயிலைத் தட்டுதல். போக்குவரத்துச் சபையின் வண்டிக்குச் சாலை முகாமையாளரும், "சிசு சரிய" சேவைக்குத் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவும், மாகாணத்துள் ஓடும் தனியார் வண்டியின் வழி அனுமதிக்கு மாகாணப் போக்குவரத்து அதிகாரசபையும், ஊர்த் தெருவின் திருத்தம், விளக்கு, தரிப்பிட நிழற்குடை ஆகியவற்றுக்குப் பிரதேச சபையும் பொறுப்பாவர். பாடசாலைகளின் சார்பில் இவர் அனைவரையும் ஒருங்கு அழைக்கத்தக்கவர் வலயக் கல்விப் பணிப்பாளர். நான்கு வாயில்களைப் பெற்றோர் தனித்தனியே தட்டித் திரிவதனிலும், தவணை தொடங்குமுன் வலயப் பணிமனையில் ஒரு நாள் இவர்கள் எல்லாரும் ஒரு மேசையில் அமர்தல் நன்று. பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் இதனை வற்புறுத்தல் வேண்டும்.

ஐந்தாம் படி எஞ்சியவரை எண்ணுதல். பெரிய வண்டி செல்லாத குறுந்தெருவில் இரண்டு மூன்று பிள்ளைகளே இருப்பின், அவர்க்குச் சைக்கிளோ முச்சக்கர வண்டிக்கான உதவிப்பணமோ ஏற்றது. உடற்குறையுள்ள பிள்ளைக்குத் தூர அளவே பொருந்தாது. அரை மைலும் அதற்கு நெடுந்தூரம். அத்தகைய பிள்ளை ஒன்றேயாயினும் பட்டியலின் தலையில் அதன் பெயர் எழுதப்படுதல் வேண்டும்.

ஆறாம் படி இடாப்பு. மாணவர்க்கு இடாப்பு இருப்பதுபோல் வண்டிக்கும் இடாப்பு வேண்டும். வந்த நாள், வராத நாள், வந்த நேரம், நில்லாது சென்ற தரிப்பிடம் ஆகியவற்றை ஒவ்வொரு தரிப்பிடத்திலும் மூத்த மாணவர் ஒருவர் குறித்து, மாதந்தோறும் அதிபரிடம் ஒப்படைத்தல் எளிது. குறை கூறுதல் மறக்கப்படும். குறித்து வைத்த கணக்கு மறுக்கப்படாது.

பாதுகாப்பு

வண்டி வந்துவிட்டால் யாவும் நிறைவெய்தும் என்பதில்லை. 2012ஆம் ஆண்டு சென்னைக்கு அண்மையிலே பாடசாலை பஸ்ஸின் தளத்திலிருந்த ஓட்டையினூடு வீழ்ந்து ஒரு சிறுமி உயிரிழந்தாள். அதன் பின்னரே தமிழ்நாட்டில் பாடசாலை வாகனங்களுக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. நம் நாட்டிலே 2021 நவம்பர் 23ஆந் தேதி, திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டு வந்த காலத்தில் மாற்று வழியாக ஓடிய மிதவை கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். அப்பிள்ளைகள் கல்வியை மறுத்தவரல்லர்; நாம் காட்டிய வழியிலே கல்வியை நாடிச் சென்றவர். பிள்ளையைப் பள்ளிக்கு வா என்று அழைக்கும் சமுதாயம், அது வந்து சேரும் வாகனத்தின் ஒவ்வோர் ஆணிக்கும் பலகைக்கும் பொறுப்புடையது என்பதை அத்துயர நிகழ்ச்சி உணர்த்துகின்றது. ஆகவே ஆசன எண்ணிக்கைக்கு மேல் ஏற்றாமை, ஏறும்போதும் இறங்கும்போதும் துணை நிற்கும் ஒருவர், ஆண்டுதோறும் வாகனச் சோதனை ஆகிய மூன்றும் எவ்வொழுங்கிலும் நீக்கலாகாத உறுப்புக்களாம்.

முடிவு

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை விளங்கும். பிள்ளையை அனுப்பு என்று பெற்றோரைக் கட்டளையிடும் அதிகாரம் எவர்க்கு உண்டோ, பிள்ளை வந்து சேரும் வழியைச் செய்யும் கடனும் அவர்க்கே உண்டு. இங்கிலாந்து இதனைச் சட்டத்தில் எழுதிற்று. நாம் இதனைச் சலுகையாகச் செய்துவருகின்றோம். சலுகை வருவோர்க்கு வரும். உரிமை எல்லார்க்கும் வரும். கட்டாய வயதைப் பதினாறாக உயர்த்திய கைகள், ஒவ்வொரு வலயத்திலும் தூரத்துப் பிள்ளைகளின் பட்டியலைத் தயாரித்து அவர்க்கு வண்டி ஒழுங்கு செய்தலை ஒரு குறித்த அதிகாரியின் கடனாக எழுதுதலும் கூடாததன்று. அதற்குப் புதிய சபையொன்றும் வேண்டா. உள்ள சபைகள் ஒரு மேசையில் அமர்ந்தாற் போதும்.

ஆசிரியராகிய நாம் நாள்தோறும் இடாப்பிலே "வரவில்லை" என்று எழுதுகின்றோம். அச்சொல் பிள்ளையைப் பற்றியதா, வண்டியைப் பற்றியதா என்று ஒருமுறை வினவுதல் நம் கடன். மாணவராகிய நீர் நும் வகுப்பிற் பிந்தி வரும் தோழனின் ஊர் எது, அவ்வூர்க்கு எத்தனை மணிக்கு வண்டி என்பதை அறிதல் நன்று. பழைய மாணவராய்ப் பல்வேறு அலுவலகங்களில் உயர்ந்திருப்போர், ஒரு காலத்தில் தாம் நடந்த வழியை இன்றைய பிள்ளைக்கு வண்டி வழியாக மாற்றும் ஆற்றல் உடையோர். கடற்கரை ஊர்களின் பிள்ளைகள் கற்கும் விருப்பமோ திறனோ குறைந்தவரல்லர். இருப்பது சில கிலோமீற்றர் வழியே. அதனைக் குறைத்தற்கு ஆவன செய்தல் நம்மனைவோர் கடனாகும்.